சமர்க்கந்தில் நடுத்தரமான ஓர் அறை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. கற்பனை இருந்திருந்தால் கண்டிக்கு அருகே அம்பிட்டியப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடமாக ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேனா? அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் ஜவாஹிர் முதலாளிக்காக நான் ஆங்கிலத்தில் ஒரு காகிதம் எழுதிக்கொடுத்தேன். ருசியாவின் தெற்குக் கோடியில் சமர்க்கந்து என்று ஒரு ஊர். அங்கே உள்ள ஒரு ஹோட்டலுக்கு அந்தக் காகிதம். 'கணவன் மனைவி இருவர் ஏழு இரவு தங்க நடுத்தரமான ஓர் அறை வேண்டும்.' எழுதி முடித்து அவரிடம் கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது: அட, இது கதையல்லவா!

அது 1936 பெப்ரவரி. இப்போது ஓகஸ்ட். ஆறு மாதமாக எழுதுகிறேன், இன்னும் ஹோட்டல் வாசலைக்கூட எட்டவில்லை. நீங்கள் அவசரக்காரர் என்றால் வேறு கதை பாருங்கள். இந்த அமலதாஸ் கோபித்துக்கொள்ள மாட்டான்.

2

முதல் தொடக்கம்: சமர்க்கந்து நகரின் நீல மாடங்களின் மேல் நிலவு மெல்ல—

[இங்கே நிறுத்தினேன். என் மனைவி றோஸ் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.]

"என்னாங்க, ஹுன்னஸ்கிரிய தோட்டத்துல பொறந்து அம்பிட்டியில வந்து நிக்கிற ஆளு நீங்க. நீல மாடத்த எப்பப் பாத்தீங்க?"

"படத்துல பாத்தேன்."

"அப்ப படத்துல பாத்தேன்னு எழுதுங்க. நெலாவ எதுக்கு இழுக்குறீங்க?"

இரண்டாவது தொடக்கம்: பயணம் என்பது மனித குலத்தின் ஆதித் தாகம். அந்தத் தாகம்—

[எட்டாம் வகுப்புக் கட்டுரையில் யாராவது இப்படி எழுதினால் சிவப்பு மையால் கோடு போடுவேன். எனக்கும் போட்டுக்கொண்டேன்.]

மூன்றாவது: பஸீஹாவின் கண்கள் கனவில் மின்னின.

[பொய். பச்சைப் பொய்.]

பஸீஹா என்பவர் ஜவாஹிர் முதலாளியின் மனைவி, இந்தக் கதையின் நாயகி. அவருடைய கண்ணை நான் பார்த்ததே இல்லை. முதலாளியின் கடைக்குப் பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவே பச்சைத் திரை. நான் கடைப்பக்கம் கதிரையில் உட்காருவேன், அவர் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவார். நான் அவரைத் தாத்தா* என்று கூப்பிடுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய குரலும் வளையல் சத்தமும்தான். கண் மின்னியதா மூடியிருந்ததா என்பது அந்தத் திரைக்குத்தான் வெளிச்சம்.

றோஸ் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். "ஆள் எப்படி இருப்பாங்க?" என்று கேட்டால், "கதைக்கு அது எதுக்கு?" என்கிறாள். ஆகவே இந்தக் கதையில் நாயகிக்கு முகம் கிடையாது. உங்களுக்குப் பிடித்த முகம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

(* அக்குறணையில் அக்காவைத் தாத்தா என்பார்கள். கடல் கடந்து இதைப் படிப்பவர்கள் மீசை வைத்து நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

3

சரி, ஏன் சமர்க்கந்து? இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

கடைசி மகள் ரபீகாவின் கலியாணம் முடிந்ததும் முதலாளிக்கு மனசு நிறைந்துபோய்விட்டது. நான் ஏதோ பட்டியலைத் தமிழாக்கிக்கொண்டு கடையில் இருந்த நேரம், திரையைப் பார்த்துச் சொன்னார்: "பஸீஹா, இருவத்திரெண்டு வருசம் கஸ்டப்பட்டீங்க. ஒங்கள ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறன். எந்த ஊர் என்டு நீங்களே சொல்லுங்க."

நான் ஹஜ்ஜு என்று நினைத்தேன். முதலாளியும் அப்படித்தான் நினைத்திருப்பார். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"ஹஜ்ஜு இன்ஷா அல்லாஹ் பொறகு போவம். அது கடமை. இப்ப நீங்க கேக்கிறது ஆசையத்தானே? எனக்கு ஒரு ஹோட்டல்ல தங்கணும்."

முதலாளி அளவுகோலைக் கீழே வைத்தார். அவர் திகைத்ததன் காரணத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அக்குறணைக்காரர்கள் ஹோட்டலில் தங்குவதில்லை. வியாபாரத்துக்கு எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு மாமா இருப்பார், ஒரு சாச்சி இருப்பார், மச்சானின் மச்சான் இருப்பார். அவர்கள் இருக்க ஹோட்டலில் படுத்தால் அது அவர்கள் முகத்தில் கரி பூசுவது போல. கொழும்பில் முதலாளியின் சகோதரி வீடு. காலியில் மாமி வீடு. காயல்பட்டினத்தில் பாதித் தெரு இவர்களுடையது.

"அதாலதான் சொல்றன்," என்றது திரை. "எங்க போனாலும் நம்மட ஆக்கள் ஈக்கி. நீங்க முன்வாசல்ல போய் உக்காருவீங்க. என்ன 'வாங்க தாத்தா' என்டு உள்ளுக்குக் கூட்டிட்டுப் போய் வெங்காயத்தக் கையில தருவாங்க. காலிக்கு மூணு தரம் போயிட்டன். கடல் எந்தப் பக்கம் என்டு இன்னும் தெரியா."

மூன்று நாள் கழித்து நான் மறுபடி கடையில் இருந்தபோது, ரபீகாவின் பழைய அட்லஸ் திரைக்கு அடியால் வந்தது. ஒரு பென்சில் வட்டம் போட்டிருந்தது.

"இந்த ஊர்ல முஸ்லிம் ஆக்கள்தான். சாப்பாட்டுக்குப் பயமில்ல. ஆனா நம்மட சொந்தம் ஒருத்தரும் இல்ல. நல்லாத் தேடித்தான் புடிச்ச."

அந்த நிமிடத்தில் நான் பஸீஹாவின் ஆளாகிவிட்டேன். எழுதுகிறவன் ஒரு பக்கமாகச் சாயக் கூடாது என்பார்கள். நான் சாய்ந்துவிட்டேன், அவ்வளவுதான்.

4

கண்டித் திருகோணமலை வீதியில் கப்பல் சீட்டெல்லாம் எடுத்துத்தரும் ஒரு பயணக் கந்தோர். அங்கே தியாகராஜா என்று ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க். நானும் முதலாளியும் போய் விஷயத்தைச் சொன்னபோது பேனையைக் காதில் செருகிக்கொண்டு எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"சமர்க்கந்தோ? ஓம், போகலாம். கப்பல், பிறகு றெயில், பிறகும் றெயில். அங்க இப்ப தொழிலாளர் ஆட்சி. அனுமதிக் கடுதாசி வரோணும். முதல்ல ஹோட்டலுக்கு எழுதிப்போடுங்கோ. அறையில மூண்டு தரம் இருக்கு. எது வேணும்?"

முதலாளி முதல் தரம் என்றார். துணிக்கடைக்காரர், முதல் தரத்தைத் தவிர வேறு எதையும் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் அக்குறணைக்குத் திரும்பியதும் திரை மறுத்துவிட்டது. முதல் தரத்தில் வெள்ளைக்காரர்கள் இருப்பார்கள், எந்தக் கரண்டியால் எதைச் சாப்பிடுவது என்று பயந்தே ஏழு நாளும் போய்விடும். மூன்றாம் தரத்தில் மெத்தையை நாமே தட்டிப் போட வேண்டியிருக்கும். நடுவில் உள்ளதுதான் சரி. பிறகு கேள்விகள் வந்தன. நான் குறிப்பெடுத்தேன்.

"மாஸ்டர், தேத்தண்ணி ரூமுக்கு வருமா?"

"வரும் தாத்தா."

"குடிச்ச கோப்பைய யாரு கழுவுற?"

"அவங்கதான்."

"நான் எடுத்துட்டுப் போய்க் குடுக்கணுமா?"

"இல்ல. அப்படியே வச்சிடலாம்."

வளையல் சத்தம் நின்றது. "அப்படியே வச்சிடலாமா..." என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தது எனக்குக் கேட்டது.

[இந்த இடத்தில் பெண்களின் நிலை குறித்து ஒரு பந்தி எழுதியிருந்தேன். றோஸ் படித்துவிட்டு, "நம்ம வீட்டுக் கோப்பைய யாரு கழுவுறா?" என்று கேட்டாள். பந்தியை எடுத்துவிட்டேன். அன்று முதல் என் கோப்பையை நானே கழுவுகிறேன். பெரும்பாலும்.]

5

மே மாதம் ஹோட்டலில் இருந்து பதில் வந்தது. அறை உண்டு. நிரப்பி அனுப்ப ஒரு படிவம். நான் அதை எடுத்துக்கொண்டு அக்குறணைக்குப் புறப்படத் தயாரான சனிக்கிழமை காலை, முதலாளியே அம்பிட்டிய மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில் ஒரு தட்டு நிறைய மஸ்கட் அல்வா. முகமெல்லாம் சிரிப்பு.

"மாஸ்டர், அல்ஹம்துலில்லாஹ்! ஹோட்டல் தேவல்ல. ஆள் கெடச்சிட்டு!"

"என்ன ஆள்?"

"சமர்க்கந்துல நம்மட ஆள்!"

நேற்று ஜும்மாவுக்குக் கண்டிப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு பம்பாய் வியாபாரி. அவருடைய மாமாவின் மகன் சமர்க்கந்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். அவர் ஒருகாலத்தில் முதலாளியின் கொழும்புச் சாச்சாவுக்கு உலர்ந்த திராட்சை அனுப்பியவராம். முதலாளிக்கு அது போதும், இரத்த சொந்தம் மாதிரி.

"பெரிய வீடாம் மாஸ்டர். சமைக்கிற குசினியே நம்மட கடையளவு ஈக்குமாம். பஸீஹாக்கு எவ்வளவு சந்தோசமா ஈக்கும்! நீங்க ஹோட்டலுக்கு வேணாம் என்டு எழுதுங்க. இவருக்கு வாறம் என்டு எழுதுங்க."

பாவம் மனிதர், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஊர் என்றால் சொந்தம் தேட வேண்டும் என்று பிறந்த நாளில் இருந்து பழகியவர். மனைவிக்குப் பெரிய பரிசு தேடிப் பிடித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. எடுத்த மஸ்கட்டை நான் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

6

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அந்தத் திராட்சைக்காரரை நான் ஒரே வரியில் சாகடித்திருக்கலாம். சாகடித்தும் பார்த்தேன்:

அந்தோ! சமர்க்கந்து உறவினர் சென்ற வாரமே கடுங்குளிரில்—

"ஐயையோ!" என்றாள் றோஸ். "மே மாசத்துல ஏதுங்க கடுங்குளிரு? அந்த மனுசன் ஒங்களுக்கு என்ன பாவம் செஞ்சாரு? அந்த அம்மா பேசட்டும், விடுங்க."

அவரை உயிர்ப்பித்தேன். இந்தக் கதையில் ஒருவரும் சாகவில்லை.

7

அக்குறணையில் முதலாளி நற்செய்தியைத் திரையிடம் சொன்னார். குசினியின் அளவையும் சொன்னார். நான் கதிரையில் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

வெளியே மாத்தளை பஸ் ஒன்று ஹோன் அடித்துப் போய் மறைந்தது.

"பஸீஹா?"

"இருவத்திரெண்டு வருசமா," என்றது குரல். நான் அதுவரை கேட்காத குரல், அவ்வளவு மெல்லியது. "ஒங்களோட வந்த ஊரெல்லாம் ஒங்களுக்கு ஊர். எனக்கு அடுப்பு. சொந்தமில்லாத ஊரா அட்லஸ்ல மூணு நாளாத் தேடின. அங்கயும் போய் ஒரு அடுப்பத் தேடிப் புடிச்சிட்டீங்களே!"

அவர் அழுதார். திரை அசைந்தது. நான் எழுந்து போக வேண்டிய நேரம் அது, ஆனால் கால் வரவில்லை. [வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: கதைக்காகவும்தான் உட்கார்ந்திருந்தேன்.]

முதலாளி நின்ற இடத்தில் நின்றார். தொப்பியைக் கழற்றினார், போட்டார்.

"எனக்கு வெளங்கல்ல பஸீஹா. சத்தியமா வெளங்கல்ல." கொஞ்சம் பொறுத்து, "ஆள் ஈக்கிற ஊர்ல ஹோட்டல்ல தங்கினா அந்த மனுசன் என்ன நெனைப்பாரு?"

அவர் கடைக்குள் இரண்டு நடை நடந்தார். துணிச் சுருள் ஒன்றைக் காரணமில்லாமல் விரித்தார், மறுபடி சுற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், ரெண்டு காகிதம் எழுதுங்க. ஹோட்டலுக்கு எழுதுங்க, நாங்க வாறம் என்டு. அவருக்கும் எழுதுங்க. குடும்பத்தோட வந்து எங்கள ஹோட்டல்ல பாக்கச் சொல்லி. நாங்க விருந்துக்குக் கூப்பிடுறம்."

திரைக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம். அப்புறம், நம்புங்கள், சிரிப்பு.

"வரட்டும்," என்றார் பஸீஹா. "பத்துப் பேர் வந்தாலும் வரட்டும். தேத்தண்ணி ஹோட்டல்காரன் ஊத்துவான்."

முதலாளியும் சிரித்தார். நான் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்திருந்த ஒருவர் துணி வாங்காமலே போய்விட்டார்.

8

முடிவுக்கு வர வேண்டும். வர முடியவில்லை, ஏனென்றால் அனுமதிக் கடுதாசி இன்னும் வரவில்லை. போகிற சனிக்கிழமையெல்லாம் தியாகராஜா, "வரும் மாஸ்டர், வரும்" என்கிறார்.

என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் கடுதாசி வருகிறது, கப்பல் புறப்படுகிறது, பஸீஹாவுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. இன்னொன்றில் கடுதாசி வரவே இல்லை. முதலாளி மனைவியைக் கண்டியிலேயே ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறார், ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது, அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடக்கிறார். றோஸுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மூன்றாவதில்—

[மூன்றாவதை எழுதவில்லை. நான் எந்த முடிவை எழுதினாலும் அது அந்தத் திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவனுடைய முடிவு.]

அதனால் உங்களிடம் தந்துவிடுகிறேன். கையில் உள்ள ஒரே உண்மையையும் தருகிறேன். படிவத்தின் கடைசிக் கட்டத்தில், விருந்தினருக்கு ஏதாவது விசேட தேவை உண்டா என்று கேட்டிருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். முதலாளி ஆட்டிறைச்சி என்றார், சன்னலோர அறை என்றார். திரை அவரை நிறுத்தியது.

"நான் சொல்றத எழுதுங்க மாஸ்டர். நான் விடியச் சுபஹுக்கு எழும்பித் தொழுவன். தொழுதிட்டுத் திரும்பப் படுப்பன். அதுக்குப் பொறகு நானா எழும்புற வரைக்கும் ஒருத்தரும் என்ன எழுப்பப்படா."

"நானுமா?" என்றார் முதலாளி.

"நீங்களும்தான்."

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். பதினாறு வருடத்தில் நான் எழுதிய மிக நல்ல ஆங்கில வசனம் அதுதான். அது போய்ச் சேர்ந்துவிட்டது, சரியென்று பதிலும் வந்துவிட்டது.

இனி நீங்கள் எழுதுங்கள். அனுமதி கொடுங்கள், கொடுக்காமல் விடுங்கள், சமர்க்கந்தோ கண்டியோ உங்கள் இஷ்டம். கொஞ்சம் மெதுவாக மட்டும் எழுதுங்கள். அவர் சுபஹு தொழுதுவிட்டுத் திரும்பப் படுத்திருக்கிறார்.