விளக்குக் கம்பத்தடி மழை

ஆரின் ஹாஸ்கெட் தன் கதைகளுக்காக உண்டாக்கிய துப்பறிவாளன் டோலன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை தட்டச்சுப் பொறியை விட்டு இறங்கிப்போய் எதிர்ச்சாரி விளக்குக் கம்பத்தடியில் நின்றுகொண்டான். கதைகளில் அவன் எங்கே போனாலும் மழை பெய்யும். ஆகவே அந்தக் கம்பத்தடியில் மட்டும் மழை பெய்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஆகஸ்ட் மாதம் மழை கிடையாது என்பதால், மீன்கடை பெரோனி தன் கூடைகளை அங்கே கொண்டுபோய்க் கழுவிக்கொண்டார். எங்கள் தெருவில் வேறு யாரும் இதைப் பெரிதுபண்ணவில்லை.

டோலன் வேவு பார்த்தது ஆரினின் மனைவி வெர்னாவை. மலிவுப் பத்திரிகைகளில் ஆரின் எழுதிய எந்தக் கதையானாலும், கடைசிப் பக்கத்தில் கொலைகாரியாக மாட்டுகிறவள் நாயகனைக் காதலித்தவள்தான். வாசகர்கள் அதைத்தான் கேட்டார்கள். எழுதி எழுதி அவனுக்கே அது வேதவாக்காகிவிட்டது. வெர்னா கொடுக்கும் காப்பியை முகர்ந்துவிட்டு வைத்துவிடுவான். தன் இருமலுக்கு அவள் கலக்கும் ஏதோ விஷம்தான் காரணம் என்று கடை கடையாகச் சொல்லிவைத்தான். ஓயாமல் ஊதித்தள்ளிய சிகரெட்டின்மேல் மட்டும் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்று தெருவில் பாதிப்பேர் அவளை ஒருமாதிரி பார்க்கத் தொடங்கினார்கள். பாவம், அவள் ரொட்டி வாங்கக்கூட அடுத்த தெருவுக்குப் போனாள்.

அங்கேயும் டோலன் நனைந்தபடி பின்னால் போனான். ஒருநாள் வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் அவளே நின்று கேட்டாள்.

“உன்னை யாருப்பா அனுப்புனது?”

அவன் தொப்பியைத் தொட்டுவிட்டு ஆரினின் ஜன்னலைக் காட்டினான். மறுநாளிலிருந்து அவனுக்கும் ஒரு கோப்பை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் மிச்சம் வைக்காமல் குடித்தான், இருமவில்லை.

நவம்பரில் டோலன் சொட்டச் சொட்ட மாடியேறிவந்தான். விலைபோகாதவன், பொய் சொல்லத் தெரியாதவன் என்றுதான் ஆரின் அவனை எழுதியிருந்தான். அதுதான் வினையாகப் போனது.

“அந்தம்மாமேல ஒரு குத்தமும் இல்ல. உங்க இருமல் சிகரெட்டால வருது.”

“உன்னையும் மயக்கிட்டாளா? கடைசிப் பக்கம் எப்படி முடியும்னு எனக்குத் தெரியாதா?”

அடுக்களையிலிருந்து வெர்னா வந்தாள். “அப்ப அந்தக் கடைசிப் பக்கத்தோடயே குடும்பம் நடத்திக்கோ, ஆரின்,” என்றாள். டோலன் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். மழையும் படியிறங்கிப் போனது.

இப்போது அவள் குடிபோன சாக்ரமெண்டோ ஊரில், கொளுத்தும் கோடையிலும் வெர்னாவின் தக்காளிப் பாத்திக்கு மட்டும் மழை உண்டு. பெரோனி மறுபடி குழாயடிக்கே போய்விட்டார். ஆரினுக்கு அதன்பிறகு ஒரு துப்பறிவாளனும் வாய்க்கவில்லை. தன் காப்பியைத் தானே போட்டுக்கொள்கிறான். முகர்ந்துபார்த்துவிட்டு, குடிக்காமல் வைத்துவிடுகிறான்.