குதிகால்

பூங்காவனம் கோணியை உதறித் தரையில் விரித்தாள். அந்தச் சத்தம் போதும். மூலையில் கிடந்த வரதன் உடம்பைப் புரட்டி, முழங்கையை ஊன்றி ஊன்றி, மாட்டுக் கொட்டகைப் பக்கமாகத் தன்னை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டான். ஆறு வயசுப் பிள்ளை. நடக்க மாட்டான், உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவான், வாயிலிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை. ஆனால் பெற்றவளைக் கண்டால் தப்பித்துப் போக மட்டும் எங்கிருந்தோ அவ்வளவு சாமர்த்தியம்! பின்னாலேயே போய்க் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கியதும் உடம்பு விறைத்தது. கால்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொண்டன. "ஒண்ணுமில்லடா நைனா, ஒண்ணுமே இல்ல" என்றாள். அது பொய் என்று அவனுக்கும் தெரியும்.

பிறந்தபோது அழாத பிள்ளை. நீலம் பாய்ந்து கிடந்தவனைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டித் தட்டித்தான் மருத்துவச்சி மூச்சு வரவழைத்தாள். அதற்கப்புறம் பார்க்காத வைத்தியமா? நண்டுச் சாறு கொடுத்தார்கள், மயில் எண்ணெய் தேய்த்தார்கள், மொட்டை போட்டார்கள். எதற்கும் கால் அசைந்து கொடுக்கவில்லை. குத்தம்பாக்கத்தில் அவர்களுக்கு ஒரு துண்டு கத்தரித் தோட்டம் இருந்தது. புருஷன் தசரதன் காயை வண்டியில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோவான். போன வருஷம் ஒருநாள், அதே வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே பிள்ளையைக் கிடத்திக்கொண்டு பூங்காவனமும் போனாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு நர்சம்மா வரதனைப் பெஞ்சில் படுக்க வைத்துப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். தமிழ் அவளுக்கு அரைகுறைதான். "கால்ல தப்பு இல்லே. மூளையிலே தப்பு. மருந்து கிடையாது" என்றாள். பிறகு பூங்காவனத்தின் கைகளை எடுத்து வரதனின் காலில் வைத்தாள். முழங்காலை நீட்டி, பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, முன்பக்கம் மேலே வரும்படி வளைக்க வேண்டும். பூங்காவனம் பயத்தில் வெடுக்கென்று இழுத்துவிட்டாள். நர்சம்மா பட்டென்று அவள் கையில் ஓர் அடி வைத்தாள். "வெடுக்குன்னு இழுத்தா கால் சண்டைக்கு வரும். மெதுவா. பிடிச்சுக்கிட்டே இரு. அதுவா விடும்."

சும்மா சொல்லக் கூடாது, அது நிஜம். முறுக்கேறிய கயிறு மாதிரி இருந்த நரம்பு கொஞ்ச நேரத்தில் அவள் கைக்குள்ளேயே இளகியது. "தினம் செய். வளர்றதுக்கு முன்னாடி குதிகால் தரையிலே படணும். படலேன்னா கத்திதான். சித்திரை பொறந்ததும் கூட்டிக்கிட்டு வா" என்று நர்சம்மா அனுப்பி வைத்தாள்.

சித்திரை பிறப்பதற்குள் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியாக ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வந்த தசரதன், நர்சம்மா வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்றான். எந்த ஊர் என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லையாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூங்காவனம் பூந்தமல்லி ரோட்டில் நின்று பார்த்தாள். ஜட்காவும் கைவண்டியுமாக, தலையில் டிரங்குப் பெட்டியும் கையில் குழந்தைகளுமாக ஜனங்கள் மேற்கே போய்க்கொண்டே இருந்தார்கள். அவள் பயந்தது குண்டுக்கு இல்லை. ஓட வேண்டிய நாள் ஒன்று வந்தால் எல்லாரும் ஓடிவிடுவார்கள். இவனை யார் தூக்குவது? இன்றைக்கு இடுப்பு தாங்குகிறது. மீசை முளைத்த பிறகு? நான் கண்ணை மூடிய பிறகு? தெருவில் நின்றபடியே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தசரதனின் அக்கா முனியம்மா பக்கத்து வீட்டுக்காரி. தினமும் காலையில் வரதன் போடும் கூச்சல் அவளுக்குத்தான் முதலில் கேட்கும். "கசாப்புக் கடையா நடத்தற? பாவி, புள்ளைய இப்படியா வதைப்பாங்க! குழியில நிக்க வெச்சிப் பாரு. மண்ணு கால இஸ்த்துக்கும்" என்று வந்து நின்றாள். கொல்லையில் குழி வெட்டினார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தசரதன் மணல் கொண்டுவந்தான். பிள்ளையை அதில் நிறுத்தி இடுப்புவரை மூடினார்கள். அட, பிள்ளை சிரித்தான்! பிறந்ததிலிருந்து கூரையையும் மற்றவர்கள் காலையும் பார்த்தே கிடந்தவன், நிமிர்ந்து நின்று கோழியைப் பார்த்தான், கன்றுக்குட்டியைப் பார்த்தான், எச்சில் ஒழுக ஒழுகச் சிரித்தான். பூங்காவனமும் அன்று வயிறாரச் சாப்பிட்டாள். சாயங்காலம் மணலைத் தோண்டி அவனைத் தூக்கிய பிறகு, குழியின் அடியில் ஈர மண்ணைக் குனிந்து பார்த்தாள். விரல் தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் மண் அப்படியே கிடந்தது. அத்தனை நேரமும் அவன் நுனிக்காலில்தான் நின்றிருக்கிறான்.

"அண்ணி, குழி ஏமாத்துது" என்றாள். முனியம்மா தோளில் முகவாயை இடித்துக்கொண்டு போய்விட்டாள்.

குழியும் இருந்தது, கோணியும் இருந்தது. குழி என்றால் அத்தையும் அப்பாவும். கோணி என்றால் அம்மா. வரதன் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தான். அவள் சோற்றைப் பிசைந்து நீட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவான். தசரதன் நீட்டினால் ஆவென்று வாயைத் திறப்பான். இதில் இன்னொரு கொடுமை. பயந்தால் உடம்பு விறைக்கிறது, விறைத்தால் இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது, பிடித்தால் இன்னும் பயப்படுகிறான். நாம் செய்வது சரிதானா, அளவு மிஞ்சுகிறதா என்று கேட்பதற்கு நர்சம்மாவும் இல்லை. "ஒரு நாளைக்காச்சும் நீ புடியேன்யா" என்று புருஷனிடம் கெஞ்சிப் பார்த்தாள். பிடித்தான். பிள்ளை முதல் கூச்சல் போட்டதும் நெருப்பைத் தொட்டவன் போலக் கையை விட்டுவிட்டு எழுந்தான். "என்னால ஆவாதும்மே. எனக்கு மனசு கேக்கல" என்றான். மனசு அவளுக்கும்தான் இருந்தது. அதை எடுத்து வைக்க ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கும் கோணியில் கிடத்தி, தொடையைத் தன் முழங்காலால் அணைத்து, இடது பாதத்தை ஏந்தினாள். வரதன் வீறிட்டான். அவள் விடவில்லை. கூச்சல் உடைந்து, மூச்சு வாங்கி, வாய் கோணிக்கொண்டு எதையோ உள்ளேயிருந்து தள்ளியது. தொண்டை நரம்பு புடைத்தது.

"வோ… ணா."

பூங்காவனம் கையை எடுத்துவிட்டாள். கொட்டகையிலிருந்து தசரதன் வைக்கோல் பிரியோடு ஓடி வந்தான். "இன்னாம்மே சொன்னான்? வோணான்னானா?" என்று கேட்டவன் பதிலுக்கு நிற்கவில்லை. பிள்ளையை வாரி எடுத்துத் தெருவுக்கே போய்விட்டான். "அக்கா! புள்ள பேசிட்டான் அக்கா!" முனியம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். எல்லாரும் அழுதார்கள். திரும்பி வந்து பிள்ளையைப் பாயில் விட்டபோது தசரதன் சொன்னான்: "வாயத் தொறந்து மொத மொத ஒண்ணு கேட்டுக்கிறான். இனிமே நீ அவன் காலத் தொடக் கூடாது."

பிள்ளை கேட்ட முதல் வரத்தைக் கொடுக்காவிட்டால் நான் என்ன தாய் என்று அவளுக்கும் பட்டது. கோணியை மடித்து அடுக்குப் பானைக்குப் பின்னால் போட்டாள்.

அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. வீட்டில் கூச்சல் இல்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வரதன் அவள் நீட்டிய சோற்றை வாங்கிக்கொண்டான். விரலை நக்கினான். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து விளையாடினான். அவன் கழுத்தடியில் முகம் புதைத்து அவள் பேசாமல் படுத்துக் கிடந்தாள். இதற்காக இத்தனை நாள் ஏங்கியிருந்தாள்.

ஆனால் அவன் பேசவில்லை. "சொல்லு நைனா, வோணான்னு சொல்லு" என்று தசரதன் மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சினான். முனியம்மா வெல்லக் கட்டியைக் காட்டிக் காட்டி ஒளித்தாள். பிள்ளை சிரித்தான், எச்சில் விட்டான், பழையபடி "ங்ங்" என்றான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு இப்போது எதுவும் இல்லை. நாளாக ஆக தசரதனின் குரலில் கெஞ்சல் போய்க் கோபம் வந்தது. ஒருநாள் ராத்திரி பிள்ளை தூங்கும்போது அவன் இடது பாதத்தைப் பூங்காவனம் தொட்டுப் பார்த்தாள். அத்தனை மாசம் பிடித்துப் பிடித்து இறக்கிய குதிகால் மறுபடி மேலே ஏறியிருந்தது. கெண்டைச் சதை கல்லாகக் கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் கோணியை எடுத்தாள். வரதனுக்கு மறக்கவில்லை. முழங்கையை ஊன்றினான். அவள் தூக்கி வந்து கிடத்தினாள். தசரதன் வாசல்படியில் நின்றிருந்தான். வந்து கையைப் பிடிப்பான், அடிப்பான் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். அவன் வரவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

அவள் பாதத்தை ஏந்தினாள். மெதுவாக வளைத்தாள்.

"வோ… ணா."

தசரதன் அசையவில்லை. அவள் கொஞ்சம் தளர்த்தினாள். மறுபடி பிடித்தாள்.

"வோணா."

இப்போது இடையில் உடையாமல் வந்தது. பிள்ளையின் கண்ணீர் காதுக்குள் இறங்கியது. கைக்குள் நரம்பு இளகுகிறதா என்று பார்க்க வேண்டியவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் இன்னும் ஒரு தரம் வளைத்தாள்.

வரதன் அவளை நேராகப் பார்த்தான். உதடுகள் இரண்டும் நடுங்கி நடுங்கிச் சேர்ந்தன.

"வோணா… ம்மா."

அவள் கை அவன் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தது.