வழியில் திறக்கக் கூடாத பெட்டி

ஆபீசில் எங்கள் இரண்டு பேருக்கும் 'ரெட்டை மூட்டை' என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், டீ மெஷின் பக்கம் போனால் காதில் விழும். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அக்காதான் சிரித்தார். "விடுடி, ரெண்டு பேரா இருக்கோம்ல? தனியா இருந்தாத்தான் கஷ்டம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

அக்கா கூடப் பிறந்தவர் இல்லை. வேலையில் எனக்கு சீனியர், வயதிலும் கொஞ்சம் மூத்தவர். பத்து வருடமாக மாதத்தில் பாதி நாள் இரண்டு பேரும் ஒரே ரயில், ஒரே ஹோட்டல், ஒரே வேலை. என் வீட்டுக்காரரோடு சாப்பிட்டதைவிட அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்டதுதான் அதிகம். சாப்பிட்டதெல்லாம் எங்கே போனது என்று என்னைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் வேலை, மருந்துக் கிடங்குகளில் இருக்கும் குளிர்பெட்டிகளைச் சோதிப்பது. தடுப்பூசி, இன்சுலின் வைக்கும் பெட்டி எத்தனை டிகிரி காட்டுகிறதோ அத்தனை டிகிரிதான் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு சோதனைப் பெட்டி உண்டு. உள்ளே குளிரவைத்த தண்ணீர்ப் பாட்டில்கள், அவற்றுக்குள் சென்சார்கள், சுற்றிலும் ஐஸ் பலகைகள். கல்லு மாதிரி கனக்கும். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான், வழியில் திறக்கக் கூடாது. திறந்தால் வெளிச்சூடு உள்ளே புகுந்து மறுநாள் சோதனை பாழாகிவிடும். வேலையில் சேர்ந்த அன்றைக்கே இதை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். கிடங்கில் போய் மூடியைத் திறந்து பாட்டில்களை எடுத்துக் கொடுப்பது சீனியரின் வேலை. ராத்திரி பெட்டி சீனியரின் அறையில்தான் பிளக்கில் மாட்டியிருக்கும்.

ஆனால் தூக்குவது நான். போன வருடத்திலிருந்து அக்காவுக்கு முதுகு வலி. "டிஸ்க்குடி, குனிய முடியல" என்பார். பாவமாக இருக்கும். ஸ்டேஷன் படிக்கட்டு, பிளாட்பாரம், லிஃப்ட் இல்லாத ஹோட்டல் என்று எல்லா இடத்திலும் என் தோளில்தான் பெட்டி தொங்கும்.

என் முழங்கால் கெட்டுப்போனதும் அந்த வருடத்தில்தான். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "உடம்பைக் குறைங்க. இல்லன்னா ஊர் சுத்தற வேலையை மறந்துடுங்க" என்றார். மேனேஜர் அதையே கொஞ்சம் தேன் தடவிச் சொன்னார். "இன்னும் ஆறு மாசம் டூர் போங்கம்மா, பார்ப்போம். குறையலன்னா உங்களை டெஸ்க்குக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல." டெஸ்க் என்றால் ஜன்னல் இல்லாத அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் புகார் கேட்பது. அதற்கு நான் செத்தே போகலாம். எனக்கு இந்த அலைச்சல் பிடிக்கும். புது ஊரில் இறங்கி, கிடங்குக் கதவு திறந்ததும் முகத்தில் அடிக்கும் குளிர் பிடிக்கும்.

நான் அழுதபோது அக்காதான் தோளைத் தட்டினார். "ரெண்டு பேரும் சேர்ந்து குறைப்போம்டி. நீ சாப்பிடறதையே நானும் சாப்பிடறேன்." அன்றிலிருந்து வாயைக் கட்டினோம். ஹோட்டல் காலைச் சாப்பாட்டில் வரிசையாகக் கேக்கும் பன்னும் அடுக்கியிருப்பார்கள். அந்தப் பக்கமே திரும்பாமல் அவித்த முட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். ராத்திரி உப்புச் சப்பில்லாத சூப். சாயங்காலம் பார்க்கிங் இடத்தைச் சுற்றி நடை. வாட்ச்மேன்கள் எங்களை வேவு பார்க்க வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அக்கா கரைய ஆரம்பித்தார். கன்னம் வற்றியது, கழுத்து எலும்பு தெரிந்தது, பேன்ட் எல்லாம் இடுப்பில் நிற்காமல் புதிதாக வாங்கினார். நான் அப்படியே இருந்தேன். அப்படியே என்றால் பொய், கொஞ்சம் ஏறியிருந்தேன். அதே முட்டை, அதே சூப், அதே நடை. எனக்கு மட்டும் காற்றைக் குடித்தாலும் உடம்பில் ஒட்டியது. டீ மெஷின் பக்கம் எங்கள் பெயரும் மாறிவிட்டது. இப்போது நான் மட்டும் 'ஒத்தை மூட்டை'.

ஆபீசில் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு, "எப்படிக்கா, சொல்லுங்கக்கா" என்று நச்சரிப்பார்கள். "ஒரு ரகசியமும் இல்ல. வாயைக் கட்டணும், அவ்வளவுதான்" என்பார் அக்கா. சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். எல்லாரும் அதே பக்கம் திரும்புவார்கள். நான் டீயைச் சர்க்கரை இல்லாமல் குடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் ரயிலில் கேட்டார். "கோவிச்சுக்காதடி. ரூமுக்குப் போனப்புறம் எதாவது தின்னறியா?"

"ஐயோ, சத்தியமா இல்லக்கா."

"சரி சரி, கேட்டேன். கணக்கு உதைக்குதேன்னுதான்."

வீட்டிலும் அதே கதைதான். ஹோட்டல் அறையில் வைக்கும் பிஸ்கட் பொட்டலத்தை வீட்டுக்காரருக்குப் பிடிக்குமே என்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, போலீஸ்காரர் மாதிரி நின்றார். "அக்கா போன்ல சொன்னாங்க. ரூம் கதவை மூடினப்புறம் அவ என்ன பண்றான்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்னாங்க. எனக்கு இப்பத்தான் புரியுது." நான் கத்தினேன். அக்கா சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார் என்று அக்காவுக்காக வேறு வாதாடினேன். என்னை மாதிரி ஒரு கூமுட்டை உண்டா?

அதற்கப்புறம் முட்டையையும் பாதியாக்கினேன். ஒரு கிடங்கில் கண் இருட்டி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கா தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்து, "மனசு இருந்தா எல்லாம் முடியும்டி" என்றார்.

மேனேஜர் வைத்த கெடுவுக்குள் வந்த கடைசி டூரின் கடைசி ஊரில், ஹோட்டலில் ஏதோ பெரிய கூட்டம், எங்களுக்கு ஒரே அறைதான் கிடைத்தது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ரிசப்ஷனில் ரொம்ப நேரம் மல்லுக்கட்டினார். நான் குறட்டை விடுவேன் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து எனக்குச் சிரிப்பாக வந்தது.

சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்தபோது அக்கா ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டார். என் முழங்கால் வீங்கியிருந்ததால் நான் போகவில்லை. கட்டிலில் காலை நீட்டிய கொஞ்ச நேரத்தில் பெட்டி கத்த ஆரம்பித்தது. உள்ளே சூடேறினால் கத்தும். மூடியை அழுத்தினேன், நிற்கவில்லை. பிளக்கைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டால் அது தலையணைக்கு அடியில் அடித்தது. டிகிரி ஏறிக்கொண்டே இருந்தது. இப்படியே விட்டால் நாளைக்குச் சோதனை இல்லை, வந்த காரியமே வீண். பத்து வருடத்தில் முதல் தடவையாக வழியில் அந்த மூடியைத் திறந்தேன்.

மூடி ஏன் சரியாக உட்காரவில்லை என்று உடனே தெரிந்தது. ஓரத்தில் ஒரு சின்ன ஜிப் பை இடுக்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் யாரோ திணித்த மாதிரி. சென்சார் பையாக்கும் என்று திறந்தேன்.

உள்ளே பேனா மாதிரி இரண்டு ஊசிகள். ஒன்று புதிது, ஒன்று பாதி தீர்ந்தது. அது என்ன ஊசி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் சோதிக்கும் குளிர்பெட்டிகளில் இப்போதெல்லாம் ஒரு தட்டு முழுக்க அதுதான். வாரத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டால் பசி அடங்கும், உடம்பு இறங்கும். குளிரிலேயே வைத்திருக்க வேண்டும்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எழுந்து போய் இரண்டு ஊசியையும் ஜன்னல் கட்டையில், வெயில் நேராக விழும் இடத்தில் வைத்தேன். கெட்டுப்போகட்டும் என்று வைத்தேன். ஆனால் பத்து வருடமாக மருந்தைச் சூட்டிலிருந்து காப்பாற்றிச் சோறு தின்றவள் நான், என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மறுபடி எடுத்துப் பைக்குள் போட்டு, அடியில் சரியாக வைத்து மூடினேன். பெட்டி வாயை மூடிக்கொண்டது.

அக்கா வந்தார். கழுத்தில் துண்டு, கையில் பாதி ஆப்பிள். "இந்தாடி, உனக்குப் பாதி வச்சிருக்கேன்."

"பெட்டி கத்துச்சுக்கா. திறந்தேன்."

"வழியில திறக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?" என்று அதட்டினார். அதட்டியபிறகுதான் அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. ஆப்பிளை மேஜையில் வைத்தார்.

"எப்பலேர்ந்துக்கா?"

"நீ முட்டி வைத்தியத்துக்கு லீவு போட்டியே, அப்ப." என் முகத்தைப் பார்க்காமல் ஷூவைக் கழற்றினார். "உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"மருந்து போட்டுக்கிட்டது தப்பில்லக்கா. உங்க உடம்பு, உங்க டாக்டர். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் என் டாக்டரைக் கேட்டிருப்பேன்ல?"

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்டி."

இப்படி ஒரு பழியா? "நான் திருட்டுத்தனமா தின்னறேன்னு என் வீட்டுக்காரர்கிட்ட ஏன் சொன்னீங்க?"

"அப்படிச் சொல்லவே இல்ல. எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன்."

"தூக்கத்துல எழுந்து தின்னுடறேனோன்னு என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துச்சுக்கா. ராத்திரி சமையலறையைப் பூட்டச் சொன்னேன். அவர் பூட்டினார். தெரியுமா உங்களுக்கு?"

அக்கா கழற்றிய ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அப்போதே கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். நான் அவ்வளவு மானங்கெட்டவள்.

போன் அடித்தது. மேனேஜர். அக்கா அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"என்னம்மா, நம்ம ஆளு எப்படி? கொஞ்சமாவது குறைஞ்சாங்களா? நான் இன்னிக்கு முடிவு பண்ணியாகணும். உங்க மாதிரி கட்டுப்பாடு இருந்தா இந்தத் தொல்லையே இல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சொல்லுங்கள் அக்கா. உங்கள் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அவ என்னோட சேர்ந்து பட்டினி கிடந்தா சார், என் கண்ணால பார்த்தேன் என்று சொன்னால் போதும்.

"முயற்சி பண்றா சார், பாவம்" என்றார் அக்கா. "ஆனா..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "டெஸ்க்குக்குப் போட்டா அவளுக்கும் ரெஸ்ட்தான் சார்."

மேனேஜர், "அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டார். கண் முன்னால் கழுத்தை அறுத்ததும் இல்லாமல் பாவம் வேறு. அன்று ராத்திரி போர்வையும் தலையணையும் எடுத்துக்கொண்டு தரையில் படுத்தேன்.

ராத்திரிக்குள் பெட்டி பழைய குளிருக்கு வந்துவிட்டதால் மறுநாள் சோதனையை முடித்தோம். அக்கா மூடியைத் திறந்து, பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே நான் வாங்கிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் நான் ஒரு பன் வாங்கினேன். வெண்ணெய் வழியும் பெரிய பன். பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகத் தின்றேன். ருசியே தெரியவில்லை, ஆனாலும் ஒரு துணுக்கு விடவில்லை. அக்கா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில் வந்தது. பழக்கதோஷத்தில் அக்கா தன் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தார். பெட்டி என் காலடியில் இருந்தது.

"எடுத்துக்கடி, வண்டி கிளம்பிடப் போகுது."

"உங்க பெட்டிக்கா. நீங்களே தூக்குங்க."

"விளையாடாதடி. என் முதுகு..."

நான் நகரவில்லை. ஏறுகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள். கார்டு விசில் ஊதினார். அக்கா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், உள்ளே இருப்பதை விட்டுவிட்டுப் போக முடியாது. குனிந்தார். ஒரே மூச்சில் பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டி, மூன்று படியையும் விறுவிறுவென்று ஏறினார். உள்ளே போய், இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, மேல் பலகையில் ஜம்மென்று வைத்தார். ஒரு 'அம்மா' கூட வாயிலிருந்து வரவில்லை.

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலை இழுத்து இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறினேன்.