நானூறு ஓ-க்களில் இரண்டு

ஆரியசாலையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த இரத்ததானச் சங்கம். அங்கே பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டரில் கொடையாளர் விவரங்களை ஏற்றிவந்தவள் உலகம்மாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வரும் பழைய டாஸ் புரோகிராமில் அவள் விரல்கள் தாமாகவே ஓடும்.

போன மாதம் புதிய கம்ப்யூட்டர் வந்தது. பட்டியலையும் புதிய மென்பொருளுக்கு மாற்றினார்கள். பழைய புரோகிராமை அதன் பட்டியலோடு அவள் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள். 'இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது' என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

"விட்டுக்களை உலகம்மா. அதுக்க காலம் கழிஞ்சு" என்றார் செயலாளர் அனந்தபத்மநாபன். விட்டுவிட்டாள். ஆனால் அழிக்க மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிரசவித்த பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு பாம்பே குரூப் என்னும் அபூர்வ இரத்த வகை. சாதாரணச் சோதனையில் ஓ என்றுதான் காட்டும்; ஆனால் ஓ இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. புதிய பட்டியலில் ஓ என்று நானூறு பேர் இருந்தார்கள். பாம்பே என்று ஒருவர்கூட இல்லை.

"ரெண்டு பேரு உண்டு சாரே. குறிப்புல நாந்தான் அடிச்சேன். பேரு ஓர்மை வரல்ல" என்றாள் உலகம்மாள் செயலாளரிடம். பட்டியலை மாற்றியவர்கள் பெயர்களுக்கு எதிரே இருந்த குறிப்புகளை விட்டுவிட்டிருந்தார்கள்.

தவறாமல் இரத்தம் கொடுக்க வரும் ஆஷாவைப் போனில் பிடித்தாள். கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண். கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை.

"பதறாதீங்கோ அக்கா. பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரியே நடந்துக்கிற ஒரு புரோகிராம் சும்மாவே கிடைக்கும். அதை முதல்ல இறக்கிக்கலாம். நான் சொல்றதை அப்படியே அடிங்கோ."

முதல் தடவை ஃபோல்டர் பெயரைத் தப்பாக அடித்தாள். இரண்டாம் தடவை, திரையின் நடுவில் சின்னதாக ஒரு கறுப்புச் சதுரம் திறந்தது. எஃப் த்ரீ விசையைத் தட்டி, பாம்பே என்று தேடினாள். இரண்டு பெயர்கள் வந்தன. முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது தங்கபாண்டி; அவன் போனை எடுத்தான்.

"விழிஞ்ஞத்துல கம்பி கட்டிக்கிட்டிருக்கேன்க்கா. இப்பத்தான் சாப்பிட்டேன். குடுக்கலாமா?"

"சாப்பிட்டது நல்லதுதான் தம்பி. உடனே ஒரு ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

வைத்த போனின் மேலேயே கையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் கொடுத்த ஒரு யூனிட், மாலையில் எர்ணாகுளத்திலிருந்து இன்னொன்று வந்துசேரும்வரை அந்தப் பெண்ணைத் தாங்கியது. பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் அனந்தபத்மநாபன் தாமே நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் சொன்னது தெற்றாயிப்போச்சு. எல்லாக் குறிப்பையும் புதியதுல ஏத்தணும். நீ வாசி, நான் அடிக்கேன்."

உலகம்மாள் கறுப்புச் சதுரத்தைப் பார்த்து முதல் கொடையாளரின் குறிப்பை வாசிக்கத் தொடங்கினாள். "ஊசியைக் கண்டால் மயங்குவார். பேசிக்கொண்டே எடுக்கவும்."