தாளாளர் கேபிளும் சேர்மன் கேபிளும்

கீழ்வேளூருக்குக் கிழக்கே, நேற்றுவரை குறுவை விளைந்த நிலத்தை மண்ணடித்து மேடாக்கிக் கட்டிய அந்த பாலிடெக்னிக்கில் எல்லாமே இரண்டிரண்டு. அண்ணன் பெரியநாயகசாமி தாளாளர், தம்பி ஆண்டனி சேர்மன். இரண்டில் எது பெரிய பதவி என்று யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் பங்குச் சாமியார் மெனக்கெட்டு யோசித்து அந்தப் பட்டங்களைக் கொடுத்திருந்தார். மாதா திருவிழாவில் சப்பரம் முதலில் யார் வாசலில் நிற்பது என்பதில் ஆரம்பித்த மனஸ்தாபம் கல்லூரி வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. முன்கட்டடம் அண்ணனுக்கு, பின்கட்டடம் தம்பிக்கு. இரண்டையும் இணைக்க அண்ணன் ஒரு நெட்வொர்க் கேபிள் போட்டார். அண்ணன் தயவில் என் கட்டடம் ஓடுவதா என்று தம்பி பக்கத்திலேயே இன்னொன்று போட்டார். கேன்டீன் பில் மெஷினுக்கும் அதே கூத்துதான், ஆளுக்கு ஒரு கேபிள்.

அதையெல்லாம் கட்டி மேய்க்கும் வேலை சான்ட்ராவுக்கு. பெயருக்கு சிஸ்டம் அட்மின். பிரின்டர் காகிதம் சிக்கினாலும் அவள்தான், சேர்மன் மகளின் கல்யாண ஆல்பத்தை சிடியில் ஏற்றினாலும் அவள்தான்.

இரண்டு கேபிளையும் சேர்த்துச் சொருகினால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஒரு கம்ப்யூட்டர் எல்லோருக்குமாக ஒரு குரல் கொடுத்தால், அது இந்தக் கேபிளில் போய் அந்தக் கேபிளில் திரும்பி, மறுபடி போய், செக்குமாடு மாதிரி நிற்காமல் சுற்றும். சுற்றச் சுற்றப் பெருகும். கொஞ்ச நேரத்தில் வேறு எதற்கும் வழியில்லாமல் மொத்தக் கல்லூரியும் படுத்துவிடும். அதனால் சத்தமில்லாமல் சேர்மன் கேபிளை உருவி, சொருகியிருப்பது போலவே பின்கட்டடத்து ரேக்கில், கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். கேன்டீனிலும் ஒன்றை உருவிவிட்டாள். மூன்று வருஷம் சுகமாக ஓடியது.

இந்த ஜூனில் அவளுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. திருச்சி ஏஜெண்ட் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரிஜினல் சர்டிபிகேட். பத்தாவதிலிருந்து பட்டம் வரை அத்தனையும் தாளாளர் பீரோவில் இருந்தது. வேலைக்குச் சேரும் அன்றே வாங்கி வைத்துக்கொள்வது இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் வழக்கம். ஆள் ஓடிவிடக் கூடாதாம், என்னவோ கடன் வாங்கியவளைப் போல. பீரோவைத் திறக்க இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். அண்ணனிடம் போனால் தம்பியைக் கேள் என்பார், தம்பியிடம் போனால் அண்ணன் என்ன சொன்னார் என்பார். திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சேர்மன் ரேக் பக்கம் வந்து, தன் கேபிள் சும்மா தொங்குவதைக் கண்டுபிடித்தார். யாரையும் கேட்கவில்லை. தன் கையாலேயே சொருகினார். அட்மிஷன் நேரம், வெளியே பெற்றோர் வரிசை, உள்ளே கல்லூரி படுத்துவிட்டது.

இரண்டு பேரும் சான்ட்ராவைக் கூப்பிட்டார்கள். எல்லாக் கேபிளும் சொருகியிருக்க வேண்டும், எல்லாம் ஓடவும் வேண்டும், செய்து கொடுத்தால் அன்றே சர்டிபிகேட் என்றார்கள். பெரியநாயகசாமி மாதா படத்தைப் பார்த்து வேறு சொன்னார். அவள் நம்பினாள்.

ஸ்விட்சுகளில் ஸ்பானிங் ட்ரீ என்று ஒரு ஏற்பாடு உண்டு. வழி சுற்றி வந்தால் அதுவே பார்த்து ஒரு பாதையை அடைத்து வைக்கும், மற்றது அறுந்தால் திறந்துவிடும். அதற்கு ஒரு ஸ்விட்சைத் தலையாக வைக்க வேண்டும். அவள் முன்கட்டடத்து ஸ்விட்சைத் தலையாக்கி, கேன்டீன் கேபிள் உட்பட எல்லாவற்றையும் சொருகினாள். கல்லூரி எழுந்துகொண்டது. ஆனால் பின்கட்டடத்து ரேக்கில் அண்ணன் கேபிள் பச்சை விளக்கோடும், தம்பி கேபிள் மஞ்சள் விளக்கோடும் நின்றன.

“எனக்கு மட்டும் ஏம்மா மஞ்சள்?” என்றார் ஆண்டனி.

அடைத்து வைத்த பாதை என்று விளக்கினாள். தலை முன்கட்டடத்தில் இருப்பதையும் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வந்தது வினை. யாரைக் கேட்டுத் தலை வைத்தாய் என்று தம்பி குதித்தார். மூத்தவன் இருக்கும் இடத்தில்தான் தலை இருக்கும் என்று அண்ணன் குதித்தார். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு எண் உண்டு, அதை வைத்துத்தான் தலை முடிவாகிறது என்றாள் சான்ட்ரா. அப்படியானால் என் எண்ணைப் பெரிதாக்கு என்றார் தம்பி. சின்ன எண்ணுக்குத்தான் தலைமை சார், பெரிய எண் கடைசி சார் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். கேட்டால்தானே!

“சின்னது எப்படிம்மா பெரிசாவும்? யாருகிட்ட காது குத்துற?” என்றார் ஆண்டனி.

அண்ணனுக்கும் அதே சந்தேகம், இவள் தம்பியின் ஆளோ என்று. தம்பிக்கு நாற்பதாயிரத்துச் சொச்சம் என்றால் எனக்கு ஐம்பதாயிரத்துச் சொச்சம் என்றார். ஏலம் ஏறியது. இதற்கு மேல் எண்ணே கிடையாது என்ற உச்சியில் இரண்டு கட்டடமும் போய் நின்றன. சமம் என்றாள். சரி, சமமாகவே இருக்கட்டும் என்று இருவரும் மூச்சு வாங்கினார்கள். ரேக்கில் பார்த்தால் இரண்டு கேபிளுக்கும் மஞ்சள் விளக்கு. உனக்கும் மஞ்சள், எனக்கும் மஞ்சள். அண்ணன் தம்பி தோளில் கை போட்டார். அட்மிஷனும் ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி ஓடியது என்பது சான்ட்ராவுக்குத் தெரியும். கேன்டீனில் அம்சம் அக்காவின் வடைத் தட்டுக்கு மேலே, லேபில் கழித்துப்போட்ட ஒரு பழைய ஸ்விட்ச் இருந்தது. பில் மெஷினுக்காக ஆளுக்கு ஒன்றாக இழுத்த இரண்டு கேபிளும் அதில்தான் வந்து சேர்ந்தன. அதன் எண்ணை யாரும் தொடவில்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே இருந்த முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். மற்ற இரண்டும் உச்சிக்கு ஏறிவிட்டதால் மிச்சமிருந்ததில் அதுதான் சின்னது, ஆகவே அதுதான் தலை. இரண்டு கட்டடமும் பேசிக்கொள்வதெல்லாம் கேன்டீன் வழியாகத்தான் போய் வந்தது.

அதை மட்டும் மறைத்துவிட்டு, எல்லாம் சரி சார் என்றாள். சர்டிபிகேட் கைக்கு வந்தால் போதும்.

சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினார்கள். இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள், பார்க்கவே அதிசயமாக இருந்தது. எங்களையே ஒற்றுமையாக்கிய பெண்ணை எப்படி விடுவது என்றார் அண்ணன். நீ போய்விட்டால் இதை யார் பார்ப்பது என்றார் தம்பி. ராஜினாமாவை ஏற்பதற்கில்லை என்று ஒரு தாள் நீட்டினார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட முதல் தாள் அதுதான். மாதா படத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தையும் இவ்வளவுதானா? இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“சார், ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல நீங்க போட்ட கேபிள் ரெண்டுலயும் ஒண்ணுமே போவலை. காலேஜ் முழுக்க அம்சம் அக்கா கேன்டீன் வழியாத்தான் ஓடுது. இப்ப தலை அங்கதான் இருக்கு.”

நம்பவில்லை. ரேக்குக்குப் போனார்கள். பெரியநாயகசாமி தன் கேபிளைப் பிடுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. தம்பியின் முகத்தில் ஒரு சிரிப்பு. ஆண்டனி தன்னுடையதைப் பிடுங்கினார். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து அறையில் அட்மிஷன் ரசீது அது பாட்டுக்கு அச்சாகிக்கொண்டிருந்தது. கேன்டீனுக்கு நடந்தார்கள். அம்சம் கரண்டியை நிறுத்தி, வடை சூடாக இருக்கிறது, எத்தனை வேண்டும் என்று கேட்டாள். இரண்டு முதலாளிகளும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அந்தப் பெட்டியையே பார்த்தபடி நின்றார்கள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கல்லூரியின் தலைமையைக் கேன்டீனுக்கு மாற்றிய குற்றத்துக்காகப் பணிநீக்கம் என்று இரண்டாவது தாள் தயாரானது. அதிலும் இரண்டு கையெழுத்து. பீரோ திறந்தது. பழுப்பு உறையை மேசைமேல் எறிந்தார் தாளாளர். சான்ட்ரா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், எல்லாம் இருந்தன. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள், எடுத்துக்கொள்ளட்டும்.

உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டாள். பின்னாலிருந்து ஆண்டனி கூப்பிட்டார்.

“போறதுக்கு முன்னாடி அந்தத் தலையைக் கேன்டீன்லேருந்து எடுத்துக் கட்டடத்துல வச்சிட்டுப் போ.”

“சரி சார்,” என்று திரும்பி நின்றாள் சான்ட்ரா. “எந்தக் கட்டடத்துல?”

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். அவள் மரியாதையாகவே காத்திருந்தாள். நாகப்பட்டினத்திலிருந்து வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும், வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.