கூழாங்கல் விழுங்கிய கல்

எனக்கு வாய்த்த நாத்தனார் பொல்லாதவள் அல்ல. பொல்லாதவளாக இருந்தால் நாலு வார்த்தை சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இவள் கல்லைத் தவிர வேறெதையும் கண்ணெடுத்துப் பார்க்காதவள். அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர் கூழாங்கல். நானும் அவளும் வேலை பார்க்கும் கனிம ஆய்வுக்கூடத்திலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவள் கனிமங்களை இனம் பிரிப்பவள். நான் எக்ஸ்ரே கருவியை ஓட்டுகிறவள். அவள் கொடுக்கும் துகளுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு.

அந்த வருடம் அவளுக்கு யோகம் அடித்தது. ஒரு பாறைத் துண்டை உடைத்ததில் வெளிறிய ஊதா நிறத்தில் இரண்டு துகள்கள் கிடைத்தன. ஸ்பினல் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம். ஸ்பினல் மாணிக்கத்துக்குப் பங்காளி. உலோகமும் ஆக்சிஜனும் கூடிப் பிறந்த ஆக்சைடு வம்சம். நிறம், பளபளப்பு, கடினம் எல்லாம் அச்சாக ஒத்துப்போயின. கூழாங்கல் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நுண்ணோக்கியில் ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகள் உண்டு. அவற்றைக் குறுக்காக வைத்து நடுவில் ஸ்பினலைத் திருப்பினால், எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டாகவே இருக்கும். இதுவோ திருப்பத் திருப்ப மின்னி மின்னி அணைந்தது.

என் கருவியும் அவள் பக்கமே சாட்சி சொன்னது. ஸ்பினலுக்குக் கனசதுர அடுக்கு, இதற்கு அறுகோண அடுக்கு. ரசாயனம் பார்ப்பதற்காக ஒரு துகளைத் தேய்த்துத் தீர்த்தோம். அதில் வந்த விகிதம் பட்டியலில் இருக்கும் எந்தக் கனிமத்தோடும் பொருந்தவில்லை. வம்சம் ஆக்சைடு, ஸ்பினலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம், ஆனால் ஆள் புதுசு. அன்றைக்கு அவள் பண்ணின அலப்பறையில் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

புதிய கனிமம் என்று நாமே தம்பட்டம் அடித்தால் போதாது. ஏற்றுக்கொள்வதற்கென்று ஒரு குழு இருக்கிறது. குழுவுக்கு எழுதும் முன் மூலத் துகளை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். நாளை யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டுமே. துகள் இல்லையென்றால் கனிமமும் இல்லை, கண்டுபிடித்தவளும் இல்லை. மிச்சம் இருந்ததோ ஒரே துகள், கடுகில் பாதி. மீதிப் பாறையை இடித்துச் சலித்தும் இன்னொன்று அகப்படவில்லை. கூழாங்கல்லின் ஆயுசுக்கும் முதல் கனிமம் அது. வேறோர் ஆய்வுக்கூடத்தில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறார்களாம் என்று காற்றுவாக்கில் ஒரு செய்தி வேறு வந்திருந்தது.

திங்கட்கிழமை ஒப்படைப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை அதைக் குப்பியில் போட உட்கார்ந்தாள். இத்தனை சின்னத் துகளுக்கு இடுக்கி உதவாது, தெறித்து ஓடிவிடும். நாலைந்து முடி மட்டும் உள்ள தூரிகையை உதட்டில் வைத்து ஈரமாக்கி, அதன் நுனியால் ஒற்றி எடுப்போம். சுகாதாரம் பேசுகிறவர்கள் மன்னிக்க வேண்டும், எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான். உதடு, தூரிகை, உதடு, தூரிகை என்று கை தன்பாட்டுக்குப் போய் வரும், புத்தி கூடவே போகாது. அன்று துகளை ஒற்றி எடுத்துவிட்டாள். குப்பியின் மூடி இறுகியிருந்ததால் என்னைக் கூப்பிட்டாள். நான் திருகித் திறந்து நீட்டுவதற்குள், தூரிகை காய்ந்திருக்குமோ என்று பழக்கதோஷத்தில் உதட்டில் வைத்து எடுத்தாள். எச்சிலையும் விழுங்கினாள். பிறகு தூரிகையைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

“அண்ணி, முழுங்கிட்டேன்.”

எனக்குத் தலையில் இடி விழுந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று மற்றவர்கள் புலம்புவார்கள். இவளுக்கு வாய்க்கு எட்டி, கையை விட்டுப் போயிற்று. அப்படியே திட்டியும் விட்டேன். ஆனால் அவள் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டு விளக்கை எடுத்தேன். கீழே விழுந்திருக்கலாம் என்று மேசையையும் தரையையும் விளக்கு வைத்துத் தேடினோம். பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பல்லிடுக்கில் மாட்டியிருந்தால்? என் கணவர் பல் மருத்துவர். அவருடைய மருத்துவமனைக்கு ஓடி, உள்ளே இருந்த நோயாளியைப் பாதியில் எழுப்பிவிட்டு இவளை நாற்காலியில் சாய்த்தோம்.

அவர் கண்ணாடி வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். இரண்டு சொத்தைகள்தான் அகப்பட்டன. கடித்து உடைத்திருப்பாளோ என்று கேட்டார். இந்தக் கல் பல்லைவிடக் கடினம், கடித்திருந்தால் பல்தான் உடைந்திருக்கும் என்று அந்த நிலையிலும் கூழாங்கல் வாயைத் திறந்தபடியே பாடம் எடுத்தாள். அப்படியானால் ஒன்றும் பயமில்லை, போன வழி தெரிகிறது, வரும் வழியும் தெரிகிறது, காத்திருக்க வேண்டியதுதான் என்று அவர் சிரித்தார். தங்கை அழப் போகிறாள் என்று தெரிந்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, சொத்தையைக் காசில்லாமல் அடைத்துத் தருகிறேன் என்றார். மனிதருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஆனால் அவள் பயந்தது வேறொன்றுக்கு. வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மாணிக்கமும் ஸ்பினலும் அதற்கு அசையாது. பெரிகிளேஸ் என்று ஒன்று உண்டு, அதுவும் ஆக்சைடுதான், அமிலம் பட்டால் மெல்லக் கரைந்துவிடும். எங்கள் துகள் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. இருப்பது ஒன்றே ஒன்று என்பதால் அமிலத்தில் போட்டுப் பார்க்கவே துணியவில்லை. அன்று மாலை முழுக்க அவள் வயிற்றில் கை வைத்தபடி கூடத்தில் நடந்தாள். அமிலம் நீர்த்துப் போகட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். பப்பாளி, கொய்யா, வாழைப்பழம் என்று கடையில் இருந்ததையெல்லாம் நான் வாங்கிக் கொடுத்தேன். புளிப்பாக எதையும் கண்ணில் காட்டவில்லை.

மற்றதை நாசூக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆற்று மணலில் பொன் அரிக்கிறவர்களுக்கும் எங்களுக்கும் வேலை ஒன்றுதான், மணல்தான் வேறு. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக் குளியலறையில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஆய்வுக்கூடத்தின் மிக நுண்ணிய சல்லடையில் நாங்கள் இருவரும் கழுவினோம், கழுவினோம், கழுவிக்கொண்டே இருந்தோம். என் கணவர் வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டி நிலவரம் கேட்டார். உள்ளே வந்து கை கொடுங்களேன் என்றேன். அதற்குப் பிறகு தட்டும் சத்தமே இல்லை.

சல்லடையில் தங்கியதைக் கொதிக்க வைத்து, அலசி, காயவைத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே கனத்த திரவம் ஒன்று வைத்திருப்போம். சாதாரண மணல்கூட அதில் மிதக்கும், இரும்பும் மாணிக்கமும் மாதிரிக் கனத்தவைதான் மூழ்கும். கொய்யா விதைகள் ஊர்வலமாக மேலே மிதந்தன. அடியில் மூன்று பொட்டுகள் போய் உட்கார்ந்தன. ஒன்று காந்தத்தில் ஒட்டியது, வெறும் இரும்புத் துணுக்கு. இன்னொன்றை நுண்ணோக்கியில் பார்த்தபோது, முந்தின நாள் அவள் அண்ணன் சொத்தையில் அடைத்த உலோகக் கலவையின் துணுக்கு என்று தெரிந்தது. மூன்றாவதை அவளால் பார்க்க முடியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, என்னையே பார்க்கச் சொன்னாள்.

வெளிறிய ஊதா. திருப்பினேன், மின்னியது. திருப்பினேன், அணைந்தது. ஊதாவாக மின்னுவதெல்லாம் அதுவாகிவிடாது. கண்ணாடி இழையின் நுனியில் ஒட்டிக் கருவியில் ஏற்றினேன். புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்தன. அதே அறுகோணம். அதே அளவுகள், தசமத்துக்குப் பின்னாலும் அதே எண்கள். விளிம்புகூட மழுங்கவில்லை.

“அதேதான்டி, துளிகூடக் கரையல” என்றேன்.

அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த வம்பு ஆரம்பித்தது. நடந்ததைக் குழுவுக்கான அறிக்கையில் எழுதப் போகிறாளாம். யாருக்குத் தெரியப் போகிறது, ஊர் சிரிக்கும், பேசாமல் இரு என்று நானும் அவள் அண்ணனும் மாறி மாறிச் சொன்னோம். கல்லைக் கூடக் கரைக்கலாம், இவளைக் கரைக்க முடியாது.

“மூலத் துகளுக்கு நடந்ததை மறைச்சா அப்புறம் அது என்ன மூலத் துகள் அண்ணி?”

எழுதிவிட்டாள். தவறுதலாக விழுங்கப்பட்டது, மீட்கப்பட்டது, எக்ஸ்ரேயில் உறுதி செய்யப்பட்டது, வயிற்று அமிலத்தில் கரையவில்லை என்று நாலே வரி. அருங்காட்சியகத்துக்கும் அன்றே ஒரு பிரதி அனுப்பினாள். குழு பின்னால் அந்தக் கனிமத்தை ஏற்றுக்கொண்டது. இவ்வளவு அர்ப்பணிப்பான கரைதிறன் சோதனையை இதுவரை கண்டதில்லை என்று உறுப்பினர் ஒருவர் குறிப்பு எழுதினார். ஆய்வுக்கூடம் ஒரு மாதம் சிரித்தது.

அதெல்லாம் பிறகு வந்த கதை. திங்கட்கிழமை குப்பியோடு அருங்காட்சியகத்துக்குப் போனோம். காப்பாளர் அறிக்கையை முன்கூட்டியே படித்திருப்பார் போல, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை மாட்டியிருந்தார். இழுப்பறையைத் திறந்து, எண் எழுதிய சின்னப் பெட்டியை எடுத்து வைத்து, கையை நீட்டினார். கூழாங்கல்லும் குப்பியை நீட்டினாள். அவர் பிடித்தார். இவள் விடவில்லை. அவர் மெல்ல இழுத்துப் பார்த்தார். இவள் அசையாமல் நின்றாள். காப்பாளர் என்னைப் பார்த்தார். நான் அவள் முழங்கையைத் தொட்டு, கொடுத்துவிடு என்றேன்.

“ஒண்ணரை நாள் வயித்துல சுமந்துட்டேன் அண்ணி. குடுக்க மனசு வரல.”

கேலி செய்ய அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு இனி வாய்க்காது. அதை விட்டுவிட்டு, குப்பியிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன்.