பூண்டியில் ஒன்றும் நடக்கவில்லை

எட்டுக் கிரகமும் மகர ராசியில் கூடப்போகின்றன, அத்தோடு உலகம் அழியப்போகிறது என்ற பேச்சு அறுபத்திரண்டாம் வருடத் தை மாதத்தில் மலை முழுவதும் பரவிக் கிடந்தது. அடிவாரத்தில் யாகம் வளர்த்தார்கள். கொடைக்கானல் பஜாரில் அரிசி விற்றுத் தீர்ந்தது. அழியப்போகிற உலகத்தில் அரிசி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பொன்னுவேல் அங்கே சூரியனை ஆராயும் நிலையத்தில் உதவியாளர். காலையில் சூரியனைப் படம் பிடிப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் சொந்தமாக வாங்கிய சின்னத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போய், நிலாவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் ஜனங்களுக்குக் காட்டுவது அவருடைய பைத்தியம். மனைவி வடிவும் கூடவே போவாள். வரிசையில் முண்டுகிறவர்களை அதட்டி நிறுத்துவது அவள் சோலி.

அதற்கு முந்தின ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் வடிவு இறந்துபோனாள். அதன்பிறகு தொலைநோக்கி பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. பொன்னுவேல் அழவும் இல்லை. வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவரே காப்பி போட்டுக் கொடுத்தார். கல்லுளிமங்கன் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். காதில் விழுந்தது. அதுவும் எங்கேயும் போய்த் தைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பூண்டி ஊர்த் தலைவர் திருமலைச்சாமி அவரைத் தேடி வந்தார்.

"சார், ஊரே கிறுக்குப் புடிச்சுக் கெடக்கு. பூண்டு வெளஞ்சு நிக்குது, புடுங்க ஒரு ஆளு வரலை. ஆடு கோழியெல்லாம் அடிச்சுத் தின்னுட்டாக. பொம்பளைக கோயிலைவிட்டு எந்திரிக்க மாட்டேங்குறாக. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"நான் சொன்னா கேப்பாங்களா?"

"நெலாவைக் கிட்டக்கக் கொண்டாந்து காட்டுன ஆளு நீங்க. கேப்பாக."

போக ஆசையும் இல்லை, மறுக்கக் காரணமும் இல்லை. கிரகங்கள் கூடுவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். லாரி போகிற தூரம்வரை லாரியில் போய், மிச்சத்தை நடந்தார்கள்.

கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. பொன்னுவேல் தொலைநோக்கியைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினார். "யாரும் இதுக்குள்ள கண்ணை வைக்காதீங்க, பார்வை போயிரும்" என்று எச்சரித்துவிட்டு, வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தார். தட்டளவு சூரியன் தாளில் வந்து நின்றது. அதன் நடுவில் எள்ளுப் போல ஒரு கறுப்புப் புள்ளி.

"அய்யோ, சூரியன்ல அம்மைத் தழும்பு!" என்றாள் ஒருத்தி.

"அந்தப் புள்ளிக்குள்ள நம்ம பூமியப் போட்டா காணாமப் போயிரும்" என்றார் பொன்னுவேல். முன்பெல்லாம் இந்த இடத்தில் அவர் குரல் உயரும். இன்று சந்தை விலை சொல்வதுபோல் சொன்னார்.

"கிரகமெல்லாம் எங்கங்க?"

"இந்தச் சூரியன் பக்கந்தான். வெளிச்சத்துல தெரியாது. இங்கருந்து பாத்தா அந்த மூணு மலையும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்ச மாதிரி தெரியுதுல்ல? போய்ப் பாத்தா நடுவுல எம்புட்டுப் பள்ளம், எம்புட்டுத் தூரம்? அது மாதிரிதான். ஒண்ணை ஒண்ணு தொடக்கூட முடியாது."

ஜனங்கள் மலைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே போய் வந்த கால்கள் அவர்களுடையவை. சிலர் தலையாட்டினார்கள்.

"அப்ப நாங்க எல்லாரும் இருப்போமா?" என்று குப்பம்மாள் கேட்டாள். தனியாகப் பூண்டு விவசாயம் பார்க்கிற, ஐம்பது வயதுக்காரி.

எல்லாரும் இருப்பார்கள் என்று பொன்னுவேலால் சொல்ல முடியவில்லை. "வானத்தால ஒண்ணும் ஆகாது" என்றார்.

"அப்பிடின்னா நாளைக்குப் பொழுது சாயறவரைக்கும் கெடுவாம், அதுவரை எங்களோடயே இருங்க" என்றது கூட்டம். இருந்தார்.

மறுநாளும் தாளில் சூரியனைக் காட்டினார். கண்டவர்களே மறுபடி வந்து கண்டார்கள். புள்ளி லேசாக நகர்ந்திருப்பதைக் கண்டுபிடித்துக் கூவினார்கள். சூரியனும் சுற்றுகிறது என்றார் பொன்னுவேல். வெயில் சாயச் சாயப் பேச்சு அடங்கியது. பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். எல்லாருடைய கண்ணும் பொன்னுவேலின் முகத்தின்மேல் இருந்தது. அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அழிந்தால் அழியட்டுமே என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. அதுகூட ஆசையாக இல்லை, அலுப்பாகத்தான் இருந்தது.

சூரியன் இறங்கியது. காற்று அடித்தது. எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. அவ்வளவுதான்.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஊரே சிரித்தது. தப்பு மேளம் முழங்க, சிலர் ஆடினார்கள். "என்னா தைரியம்! கண்ணு இமைச்சாரா பாத்தியா?" என்று திருமலைச்சாமி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

குப்பம்மாள் ஒரு தட்டில் சோறும் பூண்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தைரியமான ஆளுன்னு பேசிக்கிறாக. எனக்கு அப்பிடித் தோணலை தம்பி."

பொன்னுவேல் நிமிர்ந்து பார்த்தார்.

"எம் மவன் செத்த வருசம் நானும் இப்பிடித்தேன் இருந்தேன். காட்டுமாடு எதிர வந்துச்சு, நான் ஒதுங்கலை. அதுதேன் ஒதுங்கிப் போச்சு. உங்க வீட்டுல யாரு?"

"வீட்டுக்காரி. வடிவு."

சொன்ன பிறகுதான், அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லி மாதக்கணக்காகிறது என்று தெரிந்தது. அழுகை வருமோ என்று காத்திருந்தார். வரவில்லை.

"எம்புட்டு நாளைக்கு இப்பிடி இருக்கும் அக்கா?"

"என்னத்தச் சொல்ல. எனக்கு ஒரு நாளு களையெடுக்கையில திடுதிப்புன்னு பசிச்சுச்சு. அம்புட்டுத்தேன். இப்பச் சாப்பிடுங்க, ஆறுது."

சாப்பிட்டார். குழம்பு சுட்டது. சுடுகிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தட்டைக் காலி செய்தார்.

மறுநாள் வெள்ளனே ஊரே காட்டில் இறங்கிப் பூண்டு பிடுங்கியது. மண்வாசமும் பூண்டு வாசமும் வழியெல்லாம் வந்தன. குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து கையாட்டினார்கள். அவரும் ஆட்டினார்.

லாரி நிற்கிற இடத்துக்கு நடந்து வந்தார். லாரி டிரைவர் பள்ளங்கி என்ற பக்கத்து மலைக் கிராமத்துக்காரன். பெட்டியை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"எங்கூர்லயும் ஒரு நாளு காட்டுங்க சார். எங்களுக்குப் பயமெல்லாம் இல்ல. சும்மா பாக்கணும்."

பொன்னுவேல் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வாரங் கழிச்சு வாரேன். ஆனா இந்தப் புள்ளி அதுக்குள்ள அந்தப் பக்கம் திரும்பிரும். வேற ஏதாச்சும் வந்திருந்தாத்தான் உண்டு."

"வந்தது வரட்டும் சார், அதைக் காட்டுங்க" என்று டிரைவர் கியரை மாற்றினான்.